கோபமில்லாத பிரெஞ்சு

நேரில் அவரை எல்லோரும் சார் என்பார்கள். தலை மறைந்ததும் அவர் பெயர் மரியாதை. "மரியாதை வந்தாச்சா?", "மரியாதைக்கு இன்னைக்கு மூடு எப்படி?" என்று மேசைக்கு மேசை விசாரிப்பு நடக்கும். இது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேனேஜர் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. இந்தப் பட்டமாவது யார் சிபாரிசும் இல்லாமல் வந்ததே என்று மனைவியிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

அவர் வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பிரெஞ்சு பேசும் நாட்டில் இருந்தது. வாடிக்கையாளர்கள் ஆங்கிலம் பேசும் நாட்டில் இருந்தார்கள். இரண்டு இடத்தையும்விடச் சம்பளம் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பதால் நடுவில் உள்ள வேலை நம் ஊருக்கு வந்தது. மூன்றாம் மாடியில் நீளமான ஒரு அறை, சுவரைப் பார்த்துப் போட்ட ஆறு மேசைகள், கடைசியில் கண்ணாடித் தடுப்புக்குள் அவருடைய மேசை. வாடிக்கையாளர் போனில் பேசுவதை அந்த நாட்டிலேயே ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார்கள். அது திரையின் இடது பக்கம் ஆங்கிலமாக வந்து நிற்கும். இவர்கள் வலது பக்கத்தில் பிரெஞ்சில் எழுத வேண்டும். தலைமை அலுவலகத்துக்குப் போவது வலது பக்கம் மட்டும். அதைப் படித்துத்தான் ஒருவருடைய சிகிச்சைக்கு ஒப்புதல் தருவதா, மறுப்பதா, இன்னும் கொஞ்ச நாள் காக்க வைப்பதா என்று அங்கே முடிவு செய்தார்கள். எந்தத் தாளும் கடைசியாக மரியாதை சார் படித்து ஒப்பமிடாமல் அந்த அறையை விட்டுப் போகாது.

போனில் வரும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அல்ல. ஒரு சின்ன வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னும் சின்னதாக ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'புட் டவுன்' என்றால் மட்டம் தட்டு. 'புட் அப் வித்' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போ. வாலை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் ஆள் கவிழ்ந்தான். மரியாதை சார் ஒரு வாலையும் விட்டதில்லை. அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பொருளைச் சரியாகப் பிடித்துவிடுவார். பிடித்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் கதை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் போனில் கத்தியதை மரியாதை சார் கத்தல் மாறாமல் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். அப்போதிருந்த மேற்பார்வையாளர் அதை எடுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, "உங்க வீட்ல இப்படித்தான் பேசிப்பீங்களா?" என்று கேட்டார். ஆறு மேசையும் சிரித்தது. அந்தக் கேள்வியை இன்னொருவர் தன்னிடம் கேட்கக்கூடாது என்று அன்றைக்கே அவர் முடிவு கட்டினார். பிறகு அவரே மேற்பார்வையாளர் ஆனபோது ஒரு அட்டவணை தயாரித்தார். இன்ன பேச்சு ஆங்கிலத்துக்கு இன்ன பிரெஞ்சு என்று அதில் வரிசையாக இருந்தது. "வெறுத்துப் போச்சுய்யா" என்று ஒருவர் அலறினால், "ஓரளவு மனக்குறை கொண்டுள்ளேன்" என்று போக வேண்டும். "ஏமாத்திட்டீங்கடா" என்றால், "எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை." "நானே அங்க வந்து பேசிக்கிறேன்" என்றால், "நேரில் சந்திக்க விரும்புகிறேன்." சேர்ந்தவர்கள் எல்லோரும் முதல் வாரம் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்தார்கள். இப்படியே முப்பது வருடம் ஓடியது. தலைமை அலுவலகத்திலிருந்து வருடத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வரும்: உங்கள் பிரிவின் பிரெஞ்சு படிக்க இதமாக இருக்கிறது என்று.

அவரை எதிர்த்துப் பேசியது ஒரே ஒருத்திதான். அவளைப் புதுசு என்பார்கள். வந்து நான்கு வருடம் ஆகியும், அவளுக்குப் பின் யாரையும் எடுக்காததால் புதுசு புதுசாகவே இருந்தாள். அவள் அப்பா பிரெஞ்சு பேசும் நாட்டில் வேலை பார்த்தவர். அவள் பள்ளிக்கூடம் போனதும் தெருவில் சண்டை போட்டதும் அங்கேதான். எந்த வார்த்தை எவ்வளவு சுடும் என்று அவளுக்குத் தெரியும். மரியாதை சார் பிரெஞ்சு பேசும் நாட்டை வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

ஒருமுறை, சேதத்தைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஆய்வாளர் வரவே இல்லை என்று ஒரு பெண்மணி போனில் பொரிந்து தள்ளியிருந்தாள். 'ஸ்டுட் மீ அப்' என்றிருந்தாள். வரேன் என்று சொல்லிவிட்டு வராமல் ஆளை நிறுத்தி வைப்பது. புதுசு அதைப் பிரெஞ்சுத் தெருப் பேச்சில் எழுதியிருந்தாள்.

"என்னம்மா இது? இதுல முயல் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மரியாதை சார்.

"அங்க அப்படித்தான் சார் சொல்வாங்க. எனக்கு ஒரு முயலை வெச்சுட்டுப் போயிட்டான்னு."

"காப்பீட்டுத் தாள்ல முயல் ஓடக்கூடாது. ஆய்வாளருக்கு வர இயலவில்லைன்னு போடு."

"இயலவில்லையா? அந்தம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு நாள் பூரா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க சார். நீங்க எழுதறதைப் பார்த்தா அவருக்குத்தான் ஜுரம்னு நினைச்சுப்பாங்க."

பக்கத்து மேசையில் சிரிப்பு வந்தது. மரியாதை சார் சிரிக்கவில்லை. சிவப்பால் முயலை அடித்துவிட்டு, "பொருள் மாறலையே?" என்று மட்டும் கேட்டார்.

"பொருள் மாறலை சார். ஆள் மாறிட்டாங்க," என்றாள் அவள்.

இந்த நிலையில்தான் அவருடைய தம்பி விழுந்தான்.

தம்பி அந்த ஆங்கிலம் பேசும் நாட்டில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். படிப்பு ஏறவில்லை, உடம்பு நன்றாக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் விபத்துக் காப்பீடு எடுக்கச் சொன்னதே அண்ணன்தான். "எங்க கம்பெனிலயே போடு. நாணயமானவங்க" என்றார். தம்பி வேறு எங்கும் விசாரிக்காமல் போட்டான். போன வருடக் கடைசியில் ஏணி சரிந்து முதுகு அடிபட விழுந்தான். அறுவை சிகிச்சை செய்தால் நடக்கலாம், தள்ளிப்போட்டால் இடது கால் மரத்துக்கொண்டே போகும் என்றார் மருத்துவர். ஒப்புதல் தர வேண்டியது காப்பீட்டு நிறுவனம். அவர்கள் ஒரு தாள் கேட்டார்கள், கொடுத்தான். இன்னொரு தாள் கேட்டார்கள், அதையும் கொடுத்தான். பிறகு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அந்தப் பரிசீலனை ஒரு வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்கு நகரவே இல்லை.

"நேத்து போன் பண்ணிக் கிழிச்சுட்டேன்ணா," என்றான் தம்பி, அண்ணனிடம். "இனி சும்மா இருக்க மாட்டானுங்க பாரு."

"கெட்ட வார்த்தை எதுவும் பேசலையே?"

"இடுப்புக்குக் கீழ பாதி செத்துக் கிடக்கு, உனக்கு வார்த்தை முக்கியமா?"

போனை வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்க கம்பெனிதானே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நாங்க முடிவு எடுக்கறவங்க இல்லை. மொழிபெயர்க்கிறவங்க."

"சரி, அதையாவது பலமாப் பெயர்த்துப் போடுங்க. நீங்க பெயர்க்கிறது எதுவும் இடம்விட்டு அசையற மாதிரியே தெரியலை."

தாள்களில் வாடிக்கையாளர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனாலும் தம்பியின் தாள் வந்தபோது அவருக்கு அடையாளம் காண ஒரு நிமிடம் ஆகவில்லை. கிடங்கு, ஏணி, இடது கால். நடுவே ஒரு வரி: "என் அண்ணன் உங்க ஆளுங்ககிட்டதான் வேலை பார்க்கிறான். நீங்க நல்லவங்கன்னு அவன்தான் சொன்னான்."

சொந்தக்காரர்களின் தாள் வந்தால் மேனேஜரிடம் சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவரே அவர்தான். அவர் எழுந்து மேனேஜர் அறை வரைக்கும் போனார். உள்ளே ஆள் இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்து, அண்ணனைப் பற்றிய அந்த வரியை இடது பக்கத்திலிருந்து அழித்தார். முப்பது வருடத்தில் அவர் மூலத்தில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு இன்னொன்றும் செய்தார். சந்தேகம் வந்தால் போன் பதிவையே கேட்டுப் பார்க்க ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் எப்போதாவது கேட்பார்கள். அவர் கேட்டதே இல்லை. எழுத்தில் இருப்பது போதும் என்பார். அன்றைக்கு மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்த காதொலிக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

தம்பி ஆங்கிலம் பேசி அவர் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் கோட்டை விட்டவன், கிடங்கில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் பொறுக்கிக்கொண்ட ஆங்கிலத்தில் பிளந்து கட்டினான். என்னை அலைக்கழிக்கிறீர்கள், தட்டிக் கழிக்கிறீர்கள், ஆசை காட்டி இழுத்துக்கொண்டே போகிறீர்கள், பொறுத்துப் பொறுத்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது என்றான். ஒவ்வொன்றுக்கும் வால் சரியாக ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண் இனிமையாக, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றாள். "நானே கிளம்பி வந்து உங்க வாசல்ல படுத்துக்கிறேன், அப்பவாவது குனிஞ்சு பார்ப்பீங்களா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தட்டச்சுத் தாளில் அந்த இடத்தில் ஒன்றும் போடப்படவில்லை. பதிவில் அவன் அழுதுகொண்டிருந்தான்.

மரியாதை சார் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுசைக் கூப்பிட்டார்.

"இந்தத் தாளை நீ பண்ணும்மா. அவர் பேசின மாதிரியே இருக்கட்டும்."

"அட்டவணைப்படியா சார்?"

"அட்டவணை வேண்டாம். என்ன சூடு இருக்கோ அதே சூடு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?"

"ஏன்?"

"இல்லை, நாலு வருஷமா நான் தலைகீழா நின்னு கேட்டதை இன்னைக்கு நீங்களே தட்டுல வெச்சு நீட்டறீங்க. பயமா இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து செய்தாள். இருவரும் ஒரே திரையைப் பார்த்து வேலை செய்தது அன்றுதான்.

"இழுத்தடிக்கிறதுக்கு அங்க, படகுல ஏத்திக் கூட்டிட்டுப் போறாங்கம்பாங்க. போடட்டுமா?"

"போடு."

"வெறுத்துப் போச்சுங்கறதுக்கு ரெண்டு இருக்கு. கிண்ணம் விளிம்பு வரைக்கும் ரொம்பிடுச்சும்பாங்க. இல்லைன்னா முதுகு ரொம்பிடுச்சும்பாங்க."

"முதுகு வேண்டாம். அடிபட்டதே முதுகுலதான். நாம வேடிக்கை பண்றோம்னு நினைச்சுப்பாங்க."

"சரி, கிண்ணம். வாசல்ல வந்து படுக்கிறது?"

"அப்படியே."

முடித்துவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை. "சார், ஒண்ணு சொல்லட்டுமா? இன்னைக்கு வந்த தாள் எல்லாத்தையும் இப்படியே அனுப்பிடலாம். இது ஒண்ணு மட்டும் போனா, கல்யாண வீட்ல ஒருத்தர் மட்டும் அழற மாதிரி தனியாத் தெரியும்."

"எல்லாத்தையும் மாத்தினா இத்தனை நாள் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

"இது மட்டும் போதும்மா," என்றார். சொல்லிவிட்டு ஒப்பமிட்டார்.

தாள் போய் ஒரு வாரம் கழித்து மேனேஜர் அவரை அழைத்தார். மேனேஜர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். பேச்சில் எப்போதும் ஒரு அவசரம் இருக்கும்.

"உட்காருங்க சார். தலைமை அலுவலகத்துல ஒரே கலவரம். ஒரு வாடிக்கையாளர் ரொம்ப ஆபத்தானவர் போலிருக்கு. வாசல்ல வந்து படுப்பேன்னு மிரட்டியிருக்காராம். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லைங்கறாங்க."

மரியாதை சார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அது... கஷ்டத்துல பேசியிருப்பார்."

"கஷ்டம் யாருக்கு இல்லை? எல்லாரும் எவ்வளவு பண்பாப் பேசறாங்க! வீடு எரிஞ்சு போனவர்கூட 'தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்'னுதான் சொல்றார். இவர் ஒருத்தர் மட்டும் இப்படின்னா ஆள்மேலதானே கோளாறு? கோப்பைச் சட்டப் பிரிவுக்கு மாத்தப் போறாங்க. அங்க போனா ரெண்டு வருஷத்துக்குக் கதவு திறக்காது. போன்ல பேசவும் தடை."

"சிகிச்சை?"

"அதெல்லாம் அப்புறம். ஆனா மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறாங்க. மொழிபெயர்ப்பு சரிதானா, இல்லை நம்ம பக்கத்துல யாராவது மிகைப்படுத்திட்டாங்களான்னு. சரின்னா அவர் சட்டப் பிரிவுக்குப் போவார். தப்புன்னா தாளைத் திருத்தி அனுப்பணும், பழையபடி வரிசையில சேர்த்துடுவாங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."



மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சரின்னு எழுதினீங்கன்னா அங்கேயே நிக்காது. அப்ப மத்தவங்க எல்லாம் நிஜமாவே இவ்வளவு பண்பாத்தான் பேசினாங்களான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் நீங்கதான் பதில் எழுதணும்."

மரியாதை சார் அந்த அறையிலேயே, மேனேஜரின் பேனாவை வாங்கி எழுதினார். மொழிபெயர்ப்பாளரின் அனுபவக் குறைவால் மிகைப்படுத்தல் நேர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் வழக்கமான கண்ணியத்துடனேயே பேசியிருக்கிறார். திருத்திய தாளை இணைத்துள்ளேன். எழுதும்போதே, தம்பி சட்டப் பிரிவுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய்யல்ல. முழுக்க அது மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ள அவர் விரும்பவில்லை.

திருத்திய தாளை அவரே தயாரித்தார். பழக்கமான கை, நிமிடத்தில் முடிந்தது. தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கிறேன். காலில் ஏற்பட்டுள்ள அசௌகரியம் தொடர்கிறது. இயன்றவரை சமாளித்து வருகிறேன். வாய்ப்பிருந்தால் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வர விரும்புகிறேன்.

புதுசு வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தாள். அந்த மாதக் கடைசியில் அது புதுப்பிக்கப்படவில்லை. மேனேஜர் சொல்லி அனுப்பியதும் அவள் நேரே கண்ணாடித் தடுப்புக்குள் வந்தாள். கத்தவில்லை.

"நீங்கதானே சார் அப்படியே எழுதச் சொன்னீங்க?"

"கொஞ்சம் மிகையாப் போயிடுச்சும்மா."

"எது மிகை? எந்த வரி? காட்டுங்க, திருத்திக்கிறேன். போற இடத்துல உதவும்."

அவர் மேசை மேல் இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். ஏற்கெனவே அவை ஒழுங்காகத்தான் இருந்தன. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் தேநீர்க் கோப்பையையும் காதொலிக் கருவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மற்ற ஐந்து பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் முதுகுக்குப் பின்னால்கூட அவரை மரியாதை என்று சொல்லவில்லை. 'அந்த ஆள்' என்றார்கள்.

தம்பிக்கு முடிவு வந்தது. போனில் அவனே படித்துக் காட்டினான், ஆங்கிலத்தில் படித்து, நடுநடுவே தமிழில் திட்டி.

"கேளுண்ணா. 'தங்கள் பொறுமைக்கும் புரிந்துணர்வுக்கும் நன்றி.' நான் எப்படா பொறுமையா இருந்தேன்? 'தாங்கள் சமாளித்து வருவதாக அறிந்து மகிழ்கிறோம்.' மகிழ்றானுங்களாம்ணா! 'எனவே அறுவை சிகிச்சை உடனடித் தேவையாகத் தெரியவில்லை, அடுத்த ஆண்டு மறுபரிசீலனை செய்யப்படும்.' நான் யார்கிட்ட பேசினேன்? அந்தப் பக்கம் காதுல என்ன பஞ்சா அடைச்சிருந்தானுங்க?"

"டாக்டர் என்ன சொல்றார்?"

"அடுத்த வருஷம் பண்ணினா வலி போகும், கால் வராதுங்கறார்."

பின்னால் தம்பி மனைவியின் குரல் கேட்டது. போனை வாங்கிக்கொண்டாள். "அத்தான், மேல்முறையீடு பண்ணலாமாம். நேரா தலைமை அலுவலகத்துக்கே எழுதணுமாம், பிரெஞ்சுல. இவர் பேசினது அவங்களுக்கு உறைக்கலை. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா உறைக்கும். உங்களை மாதிரி அந்த மொழி தெரிஞ்சவங்க யார் இருக்காங்க?"

"எழுதறேன்மா," என்றார்.

மூன்று நாள் முயன்றார். தம்பியின் குரல் காதில் இருந்தது. பேனா முனைக்கு வரவில்லை. கடைசியில் புதுசின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினார். அவள் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பின்னால் மின்தூக்கியின் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க சார்."

சார் என்ற சொல்லை அவள் இன்னும் விடவில்லை என்பதே அவருக்குப் பேச்சைத் தடுமாற வைத்தது. திருத்தி அனுப்பிய தாளையும் அதற்கு வந்த பதிலையும் சுற்றி வளைத்துச் சொல்லி, கடைசியில் அதையும் சொல்லிவிட்டார். அந்தக் கிடங்குத் தொழிலாளி தன் உடன்பிறந்த தம்பி என்று.

யாரோ சாவி கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்," என்றாள். "சொல்லியிருந்தா தப்பு என்னோடதுதான்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேனே. உங்க தம்பிக்காக அதைக்கூடச் செய்ய மாட்டேனா?"

"இப்ப ஒரு கடிதம்... நீ எழுதினா..."

"நான் எழுதினா என்ன ஆகும்னு யோசிங்க. நீங்க அனுப்பின ரெண்டாவது தாள்படி அவர் ரொம்பப் பொறுமைசாலி. திடீர்னு கடிதத்துல அலறினார்னா முதல் தாளைத்தான் எடுத்துப் புரட்டுவாங்க. ஆபத்தானவர்னு மறுபடியும் சட்டப் பிரிவுக்குத் தள்ளுவாங்க. இனிமே அவர் நிஜமா எப்படிப் பேசினாலும் அவர் பேச்சா அங்க எடுபடாது. நீங்களே எழுதுங்க சார். உங்க மாதிரியே எழுதுங்க. வேற வழி வெச்சுட்டு வரலை நாம." மறுபடி மணி அடித்தது. "ஆள் வந்துட்டாங்க. வெச்சுடறேன்."

நாம என்று அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டது அவரை அன்று முழுவதும் உட்கார விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடித்தார். நல்ல பிரெஞ்சு. ஒரு பிழை கிடையாது. மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன எழுதியிருக்கீங்க, தமிழ்ல சொல்லுங்க கேட்போம்" என்றாள். அவர் வரி வரியாகச் சொன்னார். தங்கள் முடிவை மதிக்கிறேன். ஆயினும் என் உடல்நிலையைக் கருணையுடன் மீண்டும் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.

மனைவி துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"இது உங்க தம்பி எழுதற மாதிரியா?"

"ஆமா. கீழே அவன்தான் கையெழுத்துப் போடுவான்."

"இவ்வளவு நிதானமா உட்கார்ந்து எழுதறவருக்கு ஆபரேஷன் எதுக்குன்னு எனக்கே தோணுதே. அங்க படிக்கிறவனுக்குத் தோணாதா?"

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'பணிவுடன்' என்பதை அடித்தார். அந்த இடத்தில் வேறொன்றை எழுதப் பார்த்தார். பேனா அங்கேயே நின்றது. மனைவி பாத்திரங்களை அடுக்கிவிட்டு வந்து பார்த்தபோதும் அது அங்கேயேதான் நின்றது. "வாசல்ல வந்து படுத்துக்கிறேன்னு அவன் சொன்னதாச் சொன்னீங்களே, அதைப் போடுங்களேன்" என்றாள் அவள். அவர் தலையை ஆட்டினார், போட முடியாது என்று.

சாயங்காலம் கடிதத்தைப் புதிதாக, அடித்தல் இல்லாமல், படியெடுத்தார். பணிவுடன் என்று இருந்த இடத்தில் பணிவுடன் என்றே எழுதினார். அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "பார்க்கவே பலமா இருக்குண்ணா. இதை அப்படியே அச்சு எடுத்து, கையெழுத்துப் போட்டு நாளைக்கே அனுப்பிடறேன்."